ஸ்லைடுக்கு மேலே டாப்பர் போடலாமா, துடைப்பமே போதுமா?

எங்களுக்கு முன்பே ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வாங்கி டெக்சாஸ் முழுக்கச் சுற்றியிருந்த நண்பர் ஒருவர், நாங்கள் டிரெய்லரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் கேட்ட முதல் கேள்வி: "டாப்பர் போட்டாச்சா?" வண்டியிலிருந்து வெளியே நீளும் பகுதிக்கு (ஸ்லைடு) மேலே விரியும் துணிக்கூரைதான் அது, ஆனால் எனக்கு அது என்னவென்றே அப்போது தெரியாது. அதன்பின் இரண்டு வருடம் டாப்பர் இல்லாமல் ஓட்டினோம், அடுத்த மூன்று வருடம் டாப்பரோடு ஓட்டினோம். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

புதிதாக யோசிப்பவர்களுக்காக அடிப்படையிலிருந்து வருகிறேன். அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு வண்டியின் அகலம் எட்டரை அடியைத் தாண்டக் கூடாது. அந்த அகலத்துக்குள் சோபா, சாப்பாட்டு மேசை, அடுப்பு எல்லாவற்றையும் வைத்தால் நடுவில் ஒருவர் நடக்கத்தான் இடம் இருக்கும். அதனால்தான் ஸ்லைடு-அவுட். மேசையின் இழுப்பறையை இழுப்பது போல, வண்டியை நிறுத்திய பிறகு சுவரின் ஒரு பகுதி சோபாவோடும் மேசையோடும் வெளியே நகரும். 1990 வாக்கில் இண்டியானா மாநிலத்து நியூமார் நிறுவனம் இதைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இன்று ஸ்லைடு இல்லாத பெரிய டிரெய்லரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெளியே இழுத்துவிட்ட இழுப்பறையின் மேல் தூசி விழும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். வெளியே நீண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு கூரை உண்டு. ஏறக்குறைய தட்டையான கூரை. அதன் மேல் இலை, சுள்ளி, பறவை எச்சம், மழைத் தண்ணீர் எல்லாம் சேரும். கிளம்பும் நாளன்று பொத்தானை அழுத்தினால் அந்தக் கூரை, மேலே இருப்பதையும் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வரப் பார்க்கும். அதைத் தடுக்க நிற்பது ஒரு ரப்பர் பட்டை மட்டுமே. கார் கண்ணாடியின் வைப்பர் போல அது கூரையை வழித்துவிடும். தண்ணீரை நன்றாகவே வழிக்கும். ஆனால் ஒரு சுள்ளி மாட்டிக்கொண்டால் ரப்பர் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். சுள்ளி கூர்மையாக இருந்தால் ரப்பரையே கிழிக்கும், அல்லது கூரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையில் கோடு போடும்.

டாப்பர் என்பது இதற்கு மேலே விரியும் ஒரு துணிக்கூரை. துணியின் ஒரு விளிம்பு வண்டியின் சுவரில், ஸ்லைடுக்குச் சற்று மேலே, ஒரு அலுமினியப் பட்டைக்குள் மாட்டியிருக்கும். மறு விளிம்பு ஸ்லைடின் வெளி ஓரத்தில் இருக்கும் உருளையில் சுற்றியிருக்கும். உருளைக்குள் ஸ்பிரிங். ஸ்லைடு வெளியே போகப் போகத் துணி தானாக விரியும், உள்ளே வர வர ஸ்பிரிங் அதைச் சுருட்டிக்கொள்ளும். மோட்டார், சுவிட்ச் எதுவும் கிடையாது. கேர்ஃப்ரீ, டொமெட்டிக், லிப்பர்ட்டின் சொலேரா ஆகியவை பரவலாகக் கிடைக்கும் பெயர்கள். வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, போட வேண்டுமா?

என் பதில், உங்கள் வண்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான். நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள், எத்தனை நாள் நிறுத்துகிறீர்கள், கிளம்பும்போது கூரையைப் பெருக்க ஏணியில் ஏறப்போவது யார் என்ற மூன்றையும் பாருங்கள்.

முதலில் இடம். நாங்கள் ஆஸ்டின் பக்கம் இருப்பவர்கள், பெரும்பாலும் ஹில் கன்ட்ரியில் உள்ள மாநிலப் பூங்காக்களுக்கும் ஆற்றோரத்து ஆர்.வி. பூங்காக்களுக்கும்தான் போவோம். அங்கே நிழல் என்றால் லைவ் ஓக் மரம். பெயர்தான் பசுமை மாறாத மரம், ஆனால் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை பழைய இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுப் புது இலை விடும். கூடவே புழு மாதிரி நீளமான பூங்கொத்துகளும் கொட்டும். அவை ஈரமானால் கூரையில் ஒட்டிக்கொண்டு துடைப்பத்துக்கு வராது. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள். ஆற்றோரம் போனால் பெக்கான் மரங்கள், டெக்சாஸின் மாநில மரமே அதுதான். காய் விழும் சத்தத்தில் இரவு தூக்கம் கலையும். கிழக்கு டெக்சாஸின் பைன் காடுகளுக்குப் போனால் ஊசி இலைகள். இந்த ஊசிகள்தான் ரப்பர் பட்டைக்கு எமன். நீளவாக்கில் திரும்பி ரப்பருக்கு அடியில் அழகாக நுழைந்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து இரவு தங்குபவர் என்றால் டாப்பரின் பக்கம் தராசு தாழ்கிறது.

அரிசோனாவில் இருக்கும் என் மாமா பையனுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். குளிர்காலம் முழுக்கக் குவார்ட்சைட் பக்கம் பாலைவனத்தில் வண்டியைப் போட்டுவிடுவான். சுற்றிலும் மரமே கிடையாது. மழை எப்போதாவதுதான். காற்றும் வெயிலும் மட்டும் தாராளம். முந்தைய உரிமையாளர் போட்டிருந்த டாப்பர் அவன் வண்டியில் இருந்தது. திறந்த வெளியில் காற்று அடிக்கத் தொடங்கினால் அந்தத் துணி பாய்மரம் மாதிரி உப்பி, படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்லைடில்தான் அவன் கட்டிலும் இருந்தது. தலைக்கு நேர் மேலே இரவெல்லாம் அந்தச் சத்தம். போதாக்குறைக்கு வெயிலில் துணியின் வினைல் விறைத்து, மடிப்பில் விரிசல் விட்டது. துணி கிழிந்ததும் புதிது வாங்காமல் மொத்தத்தையும் கழற்றிப்போட்டான், திருகு போட்ட ஓட்டைகளை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். அவனுக்கு அது சரியான முடிவு.

காற்று விஷயத்தில் பலரும் வாங்கிய பிறகுதான் கவனிக்கும் ஒன்று உண்டு. வண்டி வாசலில் விரிக்கும் பெரிய நிழல்துணியைக் காற்று வந்தால் சுருட்டிவிடலாம், நீங்கள் உள்ளே இருக்கலாம். டாப்பரை அப்படித் தனியாகச் சுருட்ட முடியாது. அதை மூட வேண்டுமென்றால் ஸ்லைடையே உள்ளே இழுக்க வேண்டும். நள்ளிரவில் புயல் வந்தால் சோபாவில் தூங்கும் பிள்ளையை எழுப்பி, மேசையை மடக்கி, தரையில் கிடக்கும் செருப்பு பையெல்லாம் எடுத்து, பிறகுதான் பொத்தானை அழுத்த முடியும். நாங்கள் அப்படி மூன்று முறை எழுந்திருக்கிறோம். டாப்பர் இல்லாத காலத்தில் அந்தக் காற்றுக்கு எழுந்திருக்கவே மாட்டோம்.

அடுத்து மழை. டாப்பர் இருந்தால் தண்ணீர் உள்ளே வராது என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். கல்யாணப் பந்தலில் மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய் தொப்பை போட்டுத் தண்ணீர் தேங்கும், யாராவது ஒருவர் கம்பால் அடியிலிருந்து தூக்கிவிடுவார், ஒரு பக்கமாகக் கொட்டும். டாப்பரும் அப்படித்தான். எங்கள் பெரிய ஸ்லைடு 12 அடி நீளம், வெளியே 3 அடி நீளும். அதன் மேல் ஒரு அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 85 லிட்டர். கிட்டத்தட்ட ஆறு குடம். எல்லாமே தேங்காது, சரிவில் வழிந்துவிடும். ஆனால் சரிவு எவ்வளவு என்பது சுவர்ப் பட்டை உருளையை விட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்லைடின் தலைக்கும் வண்டிக் கூரையின் ஓரத்துக்கும் இடையில் இடம் குறைவாக இருக்கும் வண்டிகளில் சரிவே கிடைக்காது. அங்கே டாப்பர் ஒரு தொட்டில் ஆகிவிடும். வாங்குவதற்கு முன் ஸ்லைடை வெளியே விட்டுப் பக்கவாட்டில் நின்று இந்த இடைவெளியைப் பாருங்கள். கடைக்காரர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்.

தேங்கியதை வடிக்க வழிகள் உண்டு. துணிக்கும் ஸ்லைடுக் கூரைக்கும் நடுவில் காற்றடைத்த கடற்கரைப் பந்தைச் செருகி நடுவை மேடாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் பிளாஸ்டிக் குழாயால் வளைவு செய்து வைத்துப் பார்த்தேன். வேலை செய்தது, ஆனால் அதை வைக்கவும் எடுக்கவும் ஏணி வேண்டும். ஏணியைத் தவிர்க்கத்தானே இத்தனையும்! இப்போது வண்டியைச் சமன் செய்யும்போதே ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்வாக விடுகிறேன், உள்ளே நடக்கும்போது தெரியாத அளவுக்கு. தண்ணீர் அந்த முனையில் வழிந்துவிடுகிறது. கனமழை என்றால் ஸ்லைடை அரை அடி உள்ளே இழுத்து, கொட்டியதும் மறுபடி வெளியே விடுவேன். எங்களுடையது தரைக்கு அடியில் பல்சக்கரம் ஓடும் வகை, அதனால் இது சரி. பக்கச் சுவருக்குள் இரண்டு சிறு மோட்டார்கள் ஓடும் ஷ்வின்டெக் வகை என்றால் பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள். முழுதாக வெளியே போனால்தான் இரண்டு மோட்டாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். பாதியில் நிறுத்தும் பழக்கத்தால் ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று கோணிக்கொள்ளும்.

பனி பெய்யும் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தத் துணிகள் பனியின் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கொலராடோவிலோ மிச்சிகனிலோ குளிர்காலத்தில் ஸ்லைடை வெளியே விட்டபடி வாழ்ந்தால், துணி கிழிவது அல்லது உருளை வளைவது என்று ஏதோ ஒன்று நடக்கும்.

டாப்பர் இல்லாத வழியைப் பலர் ஏதோ அலட்சியம் மாதிரி பேசுகிறார்கள், அது தவறு. ஒழுங்காகச் செய்தால் அதுவும் நல்ல வழிதான். தேவைப்படுவது ஒரு உறுதியான ஏணி, நீட்டிக்கொள்ளும் கைப்பிடி உள்ள மென்மையான துடைப்பம் அல்லது பேட்டரியில் ஓடும் இலை ஊதி, ரப்பருக்குப் பூசும் திரவம். கிளம்பும் முன் கூரையைப் பெருக்க வேண்டும், தேங்கிய தண்ணீரைத் தள்ள வேண்டும், வருடத்துக்கு மூன்று நான்கு முறை ரப்பரைத் துடைத்து அந்தத் திரவத்தைத் தடவ வேண்டும். காய்ந்து வெடித்த ரப்பருக்கு மேல் எத்தனை டாப்பர் போட்டாலும் காற்றோடு வரும் சாரல் பக்கவாட்டில் உள்ளே வரும். டாப்பர் போட்டவர்களும் ரப்பரைப் பராமரித்துத்தான் ஆக வேண்டும். ஸ்லைடுக் கூரையின் மேல் மட்டும் ஏறி நிற்காதீர்கள். ஆள் எடையைத் தாங்க அது கட்டப்படவில்லை.

டாப்பர் இல்லாததில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. நீங்கள் ஒவ்வொரு முறையும் கூரையைப் பார்க்கிறீர்கள். மூட்டில் பூசிய பசை விரிசல் விட்டால் அன்றே தெரியும். ஸ்லைடு சரியாகப் பொருத்தப்படாமல் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால், தண்ணீர் வெளியே வழியாமல் வீட்டுப் பக்கம் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். டாப்பர் இந்தக் குறைகளை மூடி மறைத்துவிடும். துணி போட்ட பிறகு இரண்டு வருடம் யாரும் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் துணியை விலக்கினால் பலகை ஊறிப் போயிருக்கும். அதனால் ஒரு வேண்டுகோள்: டாப்பர் போட முடிவு செய்தால், போடுவதற்கு முந்தின நாள் வெறும் கூரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். உள்ளே ஓடினால் முதலில் ஸ்லைடைச் சரிசெய்யுங்கள், துணி அப்புறம்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. எங்கள் 12 அடி ஸ்லைடுக்கு உருளையும் துணியும் சேர்ந்த தொகுப்பு 300 டாலருக்குக் கொஞ்சம் மேல் ஆனது. பொருத்தும் கூலிக்கு ஒரு பணிமனையில் இன்னொரு 250 கேட்டார்கள். நண்பரும் நானும் ஒரு சனிக்கிழமை நாங்களே போட்டுக்கொண்டோம். சில வருடம் கழித்துத் துணி மட்டும் மாற்ற வேண்டி வரும், அதைத் தனியாகவே விற்கிறார்கள். வண்டியில் மூன்று நான்கு ஸ்லைடு இருந்தால் எல்லாவற்றுக்கும் போட்டால் தொகை கனத்துவிடும், அங்கேதான் யோசிக்க வேண்டும்.

நீங்களே போடுவதாக இருந்தால் சில விஷயங்கள். அளவை ஸ்லைடுப் பெட்டியின் அகலத்தில் எடுக்காதீர்கள், வெளி ஓரத்துச் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எடுங்கள். நாங்கள் முதலில் பெட்டியை அளந்து, தவறான நீளத்துக்குக் கேட்டுவிட இருந்தோம். சில வண்டிகளில் சுவர்ப் பட்டையைத் தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள், அது இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் சுவரில் திருகு போட வேண்டும். பட்டைக்கு அடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பியூட்டைல் நாடா, ஒவ்வொரு திருகுக்கும் பசை, இந்த இரண்டிலும் கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணாடியிழைச் சுவரில் ஒரு திருகோட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே ஒட்டியிருக்கும் பலகை பிரிந்து சுவர் உப்பிக்கொள்ளும். ஒரு டாப்பரைக் காப்பாற்றப் போய்ச் சுவரையே இழப்பது அப்படித்தான் நடக்கிறது. ஸ்பிரிங்கை முறுக்கேற்றும்போது இரண்டு பேர் இருங்கள். கை நழுவினால் உருளை சுழலும் வேகத்தில் விரல் போய்விடும். வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், ஓட்டை போடும் முன் விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: பயணத்தில் உருளை தானாகச் சுழலாமல் பிடிக்கும் பூட்டு இருக்கிறதா? 65 மைல் வேகத்தில் போகும்போது குறுக்குக் காற்று துணிக்குள் புகுந்து உப்பி, பாதி விரிந்து, பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கும்போதுதான் நமக்குத் தெரியும். பூட்டு இல்லாத பழைய உருளைகளில் ஸ்பிரிங் தளர்ந்த பிறகு இது அடிக்கடி நடக்கும்.

இவ்வளவு குறையையும் சொல்லிவிட்டு நாங்கள் ஏன் போட்டோம்?

அப்பாவால். திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது நான்கு நாள் ஃப்ரியோ ஆற்றோரம் தங்கினோம். கடைசி இரவு நல்ல மழை. காலையில் நான் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா ஏணியை எடுத்துப் போட்டு, "நீ அதைப் பாரு, நான் இதைப் பெருக்கிட்டு வரேன்" என்று ஏறிவிட்டார். அவருக்கு அப்போது 68 வயது. ஊரில் ஓடு மாற்ற ஏறியவர், அவருக்கு இது ஒரு உயரமே இல்லை. ஆனால் ஏணியின் கால் ஈரச் சரளையில் வழுக்கியது. இரண்டு படி உயரத்தில்தான் இருந்தார், இறங்கும் நேரம். கணுக்கால் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு, அதோடு போயிற்று. இன்னும் நான்கு படி மேலே இருந்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்பாவோ, வீடு வந்து சேரும் வரை, "ஒரு பக்கம் இன்னும் பெருக்கலையே" என்றுதான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெளிந்தது. டாப்பரா துடைப்பமா என்பதில் ரப்பர் பட்டையை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் போனால் மாற்றிக்கொள்ளலாம். கிளம்பும் நாள் காலை என்பது எல்லோரும் அவசரத்தில் இருக்கும் நேரம், தரை ஈரமாக இருக்கும் நேரம், பூங்காவைக் காலி செய்யக் கெடு இருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒருவரை ஏணியில் ஏற்றுவதும் ஏற்றாமல் இருப்பதும்தான் இங்கே இருக்கும் உண்மையான வித்தியாசம். டாப்பர் இருந்தாலும் துணிமேல் சுள்ளி கிடந்தால் எடுத்துவிட வேண்டும்தான், சுருளுக்குள் போனால் துணியை ஓட்டை போடும். ஆனால் சரிவான துணியில் கிடப்பதைத் தரையில் நின்றே நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் அடியிலிருந்து தட்டிவிட முடிகிறது. தட்டையான கூரையில் அது முடியாது.

நீங்கள் இளம் தம்பதி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, திறந்த வெளியில், ஓரிரவு ஈரிரவு தங்குபவர்கள் என்றால் அந்த 300 டாலரை நல்ல ஏணிக்கும் இலை ஊதிக்கும் செலவழியுங்கள், மிச்சமும் இருக்கும். மரத்தடியில் நாள் கணக்கில் தங்குபவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், வயதானவர்களோடு பயணம் செய்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரிகன் கடற்கரை மாதிரி நாள் கணக்கில் தூறும் இடங்களுக்குப் போகிறவர்களும்தான். எல்லா ஸ்லைடுக்கும் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எங்கள் வண்டியில் படுக்கையறையில் ஒரு சின்ன ஸ்லைடு இருக்கிறது, துணி அலமாரிக்காக. வெளியே ஒன்றரை அடிதான் நீளும். தரையில் நின்றே துடைப்பம் எட்டும், தலைக்குப் பக்கத்தில் படபடப்பும் வேண்டாம். அதை அப்படியே விட்டுவிட்டோம். பெரிய ஸ்லைடுக்கு மட்டும் டாப்பர்.

போன மாதம் அதன் துணியில், சுவர்ப் பட்டையை ஒட்டிய மடிப்பில், ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரியத் தொடங்கியிருக்கிறது. புதுத் துணிக்குச் சொல்லியிருக்கிறேன். பழையதைக் கழற்றும் அன்று வாளித் தண்ணீர் ஊற்றி ஓட்டம் பார்க்க வேண்டும். அப்பா இந்த டிசம்பரில் மறுபடி வருகிறார், அதற்குள் முடித்துவிட வேண்டும்.